அடுத்த நெறிமுறை எதற்கு என்று முடிவு செய்யும் முன்பு
மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டு நெறிமுறைக் குழுக்களுக்கு அம்பத்தூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும்,



பொது மருத்துவர்களின் ஏ.பி.ஐ., இதய மருத்துவர்களின் கார்டியாலஜிக்கல் சொசைட்டி, சர்க்கரை நோய்க்கான ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ., குழந்தை மருத்துவர்களின் ஐ.ஏ.பி., மகப்பேறு மருத்துவர்களின் ஃபோக்சி என்று நம் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பலவும் சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிடுகின்றன. அவற்றை எழுதும் குழுக்களில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி கிளினிக் வைத்திருக்கும் குடும்ப மருத்துவன். என்னிடம் வருகிறவர்கள் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல், அயப்பாக்கம், பூந்தமல்லி பக்கத்து மக்கள். பிரஸ் ஷாப், லேத் பட்டறை, தையல் கூடம், குடோன், கட்டட வேலை, டெலிவரி வேலை ஆகியவைதான் அவர்களுடைய பிழைப்பு.

நீங்கள் எழுதும் கைடுலைன் கடைசியில் வந்து சேரும் இடம் என்னைப் போன்றவர்களின் மேஜை. உங்கள் நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் போக மிஞ்சும் நேரத்தில், சம்பளம் எதுவும் வாங்காமல் அதைச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் ஒரு கேள்வி கேட்கிறேன். அடுத்த நெறிமுறை எந்தத் தலைப்பில் என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்? அந்த முடிவை எடுக்கும்போது யார் யார் அறையில் இருக்கிறார்கள்?

நெறிமுறையை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு விதிகள் நிறைய வந்துவிட்டன. 2011இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் நம்பத் தகுந்த நெறிமுறைக்கு எட்டுத் தரங்களை வகுத்தது. வெளிப்படைத்தன்மை, உறுப்பினர்களின் ஆதாய முரண்பாடு, குழுவின் அமைப்பு, ஆய்வுகளைத் திரட்டும் முறை, ஆதாரத்தை எடைபோடுவது, பரிந்துரையைச் சொல்லும் விதம், வெளியாரின் மதிப்பாய்வு, காலத்துக்கேற்பப் புதுப்பிப்பது என்பவை அந்த எட்டு. எல்லாமே தேவையானவை. ஆனால் தலைப்பைத் தேர்வு செய்வது பற்றி அந்த எட்டில் தனியாக ஒரு தரம் கிடையாது. நெறிமுறை எழுதுவோருக்காக 2014இல் வெளியான ஜி.ஐ.என்–மெக்மாஸ்டர் சரிபார்ப்புப் பட்டியல் அந்தக் குறையைத் தீர்த்தது. 18 பகுதிகள் கொண்ட அந்தப் பட்டியலில் முன்னுரிமையைத் தீர்மானிப்பது இரண்டாவது பகுதியாகவே வந்துவிடுகிறது. எழுதத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை அது என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது என்று பொருள்.

நம் ஆவணங்களில் நான் படித்த வரைக்கும், தலைப்பைத் தேர்ந்த காரணம் முன்னுரையில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. இந்த நோய் இந்தியாவில் இத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். வேறு எந்தத் தலைப்புகள் பரிசீலனைக்கு வந்தன, அவை ஏன் விடப்பட்டன என்பதை நான் பார்த்ததில்லை.

நடைமுறையில் தலைப்பு எப்படி உருவாகிறது என்பது மாநாடுகளுக்குப் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுச் சங்கம் ஒன்று தன் நெறிமுறையைப் புதுப்பிக்கும், நாமும் அதற்கு இந்தியப் பதிப்பு கொண்டுவருவோம். புது மருந்து ஒன்று சந்தைக்கு வரும், அதை யாருக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வி எழும். பொறுப்பில் இருப்பவருக்கு ஈடுபாடுள்ள துறை முன்னுக்கு வரும். கூட்டம் நடத்த மருந்து நிறுவனம் ஒன்று கல்வி நிதி கொடுக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நான்கு வழியிலும் நோயாளியின் கேள்வி உள்ளே நுழைவதற்கு வாசல் இல்லை. ஏற்கெனவே ஆய்வும் பணமும் குவிந்திருக்கும் கேள்விகளே மறுபடியும் மறுபடியும் தலைப்பாகின்றன. விலை மலிந்த மாத்திரைக்காகவும், இரவு ஷிப்டுக்காகவும், மழைக்காலக் காய்ச்சலுக்காகவும் அந்த அறையில் எழுந்து நின்று பேச ஆள் இல்லை.

நான் சொல்வது என்ன என்பதை எங்கள் பகுதியிலிருந்தே காட்டுகிறேன்.

பிரஸ் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவர். நாற்பதைத் தாண்டியவர். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடு. ஒரு வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் பி ஷிப்ட், அதற்கடுத்த வாரம் நைட். "சார், நைட் ஷிப்ட்ல ராத்திரி மாத்திரையை எப்போ போடறது? எட்டு மணிக்குச் சாப்ட்டுப் போட்டுட்டுப் போனா, ஒரு மணி ரெண்டு மணிக்கெல்லாம் கை நடுங்குது, வேர்க்குது. போடாமப் போனா காலைல சுகர் ஏறிக் கிடக்குது" என்கிறார். ஓடும் மெஷினுக்கு முன்னால் நள்ளிரவில் லோ சுகர் வந்தால் விரல் போய்விடும். அவருக்குக் கிளிமிபிரைடைக் குறைக்கவா? லோ சுகர் வரும் ஆபத்து குறைவான வேறு மருந்துக்கு மாற்றவா? மாற்றினால் மாதச் செலவு கட்டுப்படியாகுமா? விடியற்காலை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையை எந்த நேரத்தில் பார்ப்பது? நான் என் அனுபவத்தை வைத்து ஒரு விடை சொல்கிறேன். அடுத்த தெரு மருத்துவர் வேறு விடை சொல்வார். அந்த நோயாளி எங்கள் இருவரிடமும் போனால் குழம்பித்தான் திரும்புவார்.

ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. பரிந்துரைகளில் விரதமும் சர்க்கரை நோயும் பற்றித் தனிப் பகுதி இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் அதைப் பார்த்துத்தான் நான் மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுக்கிறேன். மக்கள் வாழும் விதத்திலிருந்து பிறந்த தலைப்பு அது, அதனால்தான் அவ்வளவு பயன்படுகிறது. மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை செய்கிறவரின் வாழ்க்கையும் அதே மதிப்புக்கு உரியது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் எத்தனை பேர் தொழிற்பேட்டைகளில் இரவு வேலை செய்கிறவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, இரண்டு சங்கங்களின் எல்லையில் நிற்கும் நோயாளி. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் காசநோய்ப் பிரிவுகளில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருந்ததைக் காட்டியது. எங்கள் ஊர்களும் அடங்கிய வட்டாரம் அது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கிளிமிபிரைடு வகை மாத்திரைகளை உடல் சீக்கிரமாகக் கழித்துவிடும்படி செய்கிறது, அதனால் சர்க்கரை ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது, ஏற்றி வைத்த மாத்திரை அளவு தலைகீழாக லோ சுகரில் கொண்டுபோய் விடலாம். அரசு 2017இல் இதற்கென்று ஒரு கூட்டுச் செயல்திட்டமே வெளியிட்டது. சங்கங்கள் என்று வரும்போது நுரையீரல்காரர்கள் நுரையீரலை எழுதுகிறார்கள், சர்க்கரைக்காரர்கள் சர்க்கரையை எழுதுகிறார்கள். இரண்டும் உள்ளவருக்கு ஒவ்வொரு ஆவணத்திலும் கிடைப்பது ஒரு துணைத் தலைப்பு. தலைப்பைத் துறைவாரியாகத் தேர்வு செய்யும் வரை, ஒரே உடம்பில் இரண்டு நோய் உள்ளவர் யாருடைய பொறுப்பிலும் வரமாட்டார்.

மூன்றாவது, மழைக்குப் பிறகு வரும் காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகையில் கிளினிக் நிரம்பி வழியும்போது டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல் என்று நாங்கள் சொல்லும் ஸ்கிரப் டைபஸ் எல்லாம் முதல் மூன்று நாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்கிரப் டைபஸில், பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருகிய புண் இருக்கலாம். அது அக்குளில், தொடையிடுக்கில், மார்பகத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்க்காவிட்டால் தெரியாது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கு அடங்கிவிடும் அந்தக் காய்ச்சல், செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு அடங்காது. தனித்தனி நோய்க்குத் தனித்தனி நெறிமுறை இருக்கிறது. ஆனால் நோயாளி "எனக்கு ஸ்கிரப் டைபஸ்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "மூணு நாளா ஜுரம் சார்" என்றுதான் வருகிறார். அவர் சொல்வதே தலைப்பாக வேண்டும். எங்கள் வட்டாரத்தில், எங்களிடம் இருக்கும் ரத்தப் பரிசோதனைகளை வைத்துக்கொண்டு, எந்த நாளில் எதைப் பார்ப்பது, எப்போது காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவது, எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்பதுதான் எங்களுக்கு வேண்டிய நெறிமுறை.

வெயிலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவரோடு பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்காக இருந்ததைக் காட்டியது. தகரக் கூரைக்குக் கீழ் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கர்ப்பிணிக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டிய சான்றிதழில் என்ன இருக்க வேண்டும் என்பதும் ஒரு மருத்துவக் கேள்விதான்.

இப்படிப்பட்ட கேள்விகளிலிருந்து தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கைகோத்த முயற்சி அது. அன்று பணக்கார நாடுகளில் காசநோய் என்றால் சானடோரியம்தான். சென்னையில் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கை போதவில்லை. அதனால் இங்கே கேள்வி வேறு மாதிரி பிறந்தது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு, மாத்திரை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகுமா? ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் ஒரு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஒரு வருடம் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றிய ஆய்வு அது. படுக்கை இல்லாத ஊரின் கேள்வியைக் கேள்வியாக மதித்ததால் கிடைத்த பலன்.

அதே வழியில் இன்றைக்கும் நடக்கும் வேலை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், நாங்கள் என்.ஐ.இ. என்று சொல்வது, அயப்பாக்கம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999இல் உருவானது அது. அந்த நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து 2022 ஏப்ரலில் தொடங்கியதுதான் காசநோய் இறப்பில்லாத் திட்டம்.

அந்தத் திட்டத்தின் உள்ளே கொஞ்சம் பாருங்கள். காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே இறக்கிறார்கள். எனவே கேள்வி, எந்தப் புது மருந்து என்பதாக இருக்கவில்லை. நோய் உறுதியான அன்றே, இவர்களில் யார் சீக்கிரம் இறந்துவிடக்கூடியவர் என்பதை ஒரு சுகாதாரப் பணியாளர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதாக இருந்தது. விடை எளிமையானது. எடையும் உயரமும் பார்க்க வேண்டும். காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போகிறதா, யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மோசமாக இருப்பவரை அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சாவு எங்கே நடக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த இடத்திலிருந்து தலைப்பை எடுத்தார்கள்.

2017 நவம்பரில் தொடங்கிய இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியிலும் இதே என்.ஐ.இ.யின் பங்கு பெரியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் கிடைக்கும் இரண்டு மூன்று மாத்திரைகளை வைத்து எல்லோரும் ஒரே மாதிரி பின்பற்றக்கூடிய படிநிலை எது, போன மாதம் வந்தவர் இந்த மாதமும் வந்தாரா, அவருடைய பிபி 140/90க்குக் கீழே வந்ததா என்பவைதான் அங்கே கேள்விகள். 2022இல் ஐ.நா. விருது அந்த முயற்சிக்குக் கிடைத்தது.

எலிக்காய்ச்சலிலும் சென்னைக்கு ஒரு முன்னோடிப் பணி உண்டு. அந்த நோயைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருந்த ஃபெயின் அளவுகோலை, டாக்டர் எஸ். சிவகுமாரும் அவருடைய குழுவினரும் நம் ஊருக்கு ஏற்றபடி திருத்தினார்கள். நம்மிடம் எளிதில் கிடைக்கும் ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்தார்கள், மழை பெய்திருந்தால் அதற்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். நோயறியும் அட்டவணையில் மழையைச் சேர்க்க வேண்டும் என்பது இங்கே வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தவருக்குத்தான் தோன்றும்.

வெளி உலகத்திலும் இதற்கு முறைகள் வந்துவிட்டன. பிரிட்டனில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ், நோயாளிகளையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் மருத்துவர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, ஒவ்வொரு நோயிலும் விடை தேட வேண்டிய முதல் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவுக்கு யார் வேண்டுமானாலும் தலைப்பை முன்மொழியலாம். நம்மால் இது முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று எனக்குத் தெரியும். ஆதாரம் இல்லாத தலைப்பில் எப்படி நெறிமுறை எழுதுவது என்பீர்கள். நேர்மையான கேள்வி. ஆதாரம் இருக்கும் இடத்தில் மட்டும் எழுதினால், ஆய்வுக்குப் பணம் போட ஆள் இருக்கும் நோய்களுக்கு மட்டுமே எழுதுவோம் என்பதுதான் அதற்கு என் பதில். தலைப்பை எடுத்துப் பார்த்து, ஆதாரம் இல்லை என்று கண்டால், அதையே எழுதி வெளியிடுங்கள். அந்தக் கேள்வியை ஐ.சி.எம்.ஆரிடம் ஆய்வுக்குக் கொடுங்கள். கடுமையான ஸ்கிரப் டைபஸுக்கு எந்த மருந்து என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே ஏழு மையங்களில் ஆய்வு நடத்தி, டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையிலான குழு 2023இல் காட்டியது. கேள்வியை யாராவது எடுத்துக்கொண்டால் விடை வரும்.

ஆளும் பணமும் இல்லை என்றும் சொல்லலாம். அப்படியானால் குறைவாக எழுதுங்கள். வெளிநாட்டில் நன்றாக எழுதப்பட்ட நெறிமுறையை மறுபடி முதலிலிருந்து எழுதாமல், நமக்கு ஏற்பத் தழுவிக்கொள்ளுங்கள். மிச்சமாகும் உழைப்பை நம்மைத் தவிர வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்ற தலைப்புகளுக்குக் கொடுங்கள். ஐ.சி.எம்.ஆர். 2019 முதல் வெளியிடும் ஒரே பக்கச் சிகிச்சை வழிமுறைகளை கிளினிக் சுவரிலேயே ஒட்டிவைக்க முடிகிறது. நூறு பக்கம் இருந்தால்தான் நெறிமுறை என்பதில்லை.

எனவே, உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவது, ஆண்டுக்கு ஒரு முறையாவது கேள்விகளைத் திரட்டுங்கள். குடும்ப மருத்துவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் எல்லோரிடமிருந்தும் திரட்டுங்கள். தமிழில் எழுதி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தேர்வுக்கான அளவுகோலை முன்கூட்டியே அறிவியுங்கள். எத்தனை பேரைப் பாதிக்கிறது, மருத்துவருக்கு மருத்துவர் சிகிச்சை எவ்வளவு வேறுபடுகிறது, நெறிமுறை வந்தால் நடைமுறை மாறுமா, ஏழைக் குடும்பத்தின் செலவு குறையுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டாலே போதும்.

மூன்றாவது, தேர்ந்தெடுத்த தலைப்புகளோடு விட்டுவிட்ட தலைப்புகளையும் காரணத்தோடு வெளியிடுங்கள்.

நான்காவது, தலைப்பு முடிவான பிறகே நிதியைத் தேடுங்கள். நிதி கொடுப்பவருக்குத் தலைப்பைத் தேர்வு செய்யும் கூட்டத்தில் இடம் வேண்டாம். உறுப்பினர்களின் ஆதாய முரண்பாட்டைப் பரிந்துரை எழுதும்போது கேட்பதைப் போலவே, தலைப்பைத் தேர்வு செய்யும்போதும் கேளுங்கள்.

ஐந்தாவது, இரண்டு சங்கங்களின் எல்லையில் கிடக்கும் தலைப்புகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கூட்டுக் குழு அமையுங்கள். காசநோயும் சர்க்கரையும் அதற்கு நல்ல தொடக்கம்.

ஆறாவது, தேர்வு செய்யும் குழுவில் ஒரு குடும்ப மருத்துவருக்கும், அந்த நோயோடு வாழும் ஒருவருக்கும் வாக்குரிமையோடு இடம் கொடுங்கள்.

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளும்போது அந்த நோயாளிகளுக்கு நாட்டின் மிகச் சிறந்த மூளைகளின் கவனத்தைக் கொடுக்கிறீர்கள். எடுக்காமல் விடும்போது அவர்களை என்னைப் போன்றவர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறீர்கள். அவ்வளவு பெரிய முடிவைக் காரணம் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

முதல் கேள்வியை நானே அனுப்பி வைக்கிறேன். மூன்று ஷிப்டும் மாறி மாறி வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கு எந்த மருந்து, எந்த நேரத்தில், எந்த அளவு? உங்கள் அடுத்த தலைப்புப் பட்டியலில் இதைச் சேர்த்துப் பரிசீலியுங்கள். ஏற்றுக்கொண்டால் அம்பத்தூரில் தொடங்கி நாட்டின் தொழிற்பேட்டைகள் எல்லாவற்றுக்கும் பயன்படும். ஏற்க முடியாவிட்டால், ஏன் என்பதை எழுதி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெறிமுறைகளைத் தினமும் பயன்படுத்தும்
அம்பத்தூர் குடும்ப மருத்துவன் ஒருவன்